உடலினுள் உட்பகை

மேலைநாட்டார் நண்டு என்று பெயரிட்ட நோய்க்கு நம்மவர் புற்று என்று பெயரிட்டனர். கிரேக்க மருத்துவராகிய ஹிப்பாக்கிரட்டீஸ் காலத்திலேயே இந்நோய்க்கு நண்டைக் குறிக்கும் சொல் வழங்கிற்று. கட்டியினின்று நாற்புறமும் பரந்தோடும் வீங்கிய நரம்புகள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையால் அப்பெயர் எழுந்தது என்பர். நம்மவர் சொல்லில் அமைந்த உவமை வேறு. கறையான் மண்ணைத் திரட்டித் திரட்டி மேன்மேலும் எழுப்பும் புற்றைப்போல, உடலின் ஓரிடத்துத் தசை அளவிறந்து எழும்பி, உள்ளே அரிப்புண்டு துளைபட்டு நிற்பதை அச்சொல் கண்முன் நிறுத்துகின்றது. இவ்விரு பெயருள்ளும் தமிழ்ப்பெயரே பொருளாழம் உடையதென எனக்குத் தோன்றுகிறது. தமிழ் மாணவன் வேறென்ன சொல்வான் என்று அறிவியல் வகுப்பு நண்பர்கள் நகைக்கலாம், நகைக்கட்டும். நண்டு வெளியிலிருந்து வந்து பற்றுவது. புற்றோ வீட்டு மண்ணைக்கொண்டே வீட்டினுள் எழுவது. நோயின் உண்மை இயல்பு இந்த இரண்டாம் உவமையிலேதான் அடங்கியிருக்கிறது.

அம்மை, வாந்திபேதி, காசம் முதலியன வெளிப்பகை. அவற்றை விளைக்கும் நுண்ணுயிர்கள் நம் உடலுக்கு அயலானவை. புற்றுநோயில் அயலார் எவரும் இல்லை. நம் சொந்த உயிரணுக்களுள் ஒன்று, தன் மரபணுக்களில் நேர்ந்த பிழைகளால், பெருகுதலுக்குரிய வரம்பை மறந்து ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகத் தொடங்குகிறது. அதன் உருவும் உணவும் குருதியும் நம்முடையனவே. திருவள்ளுவர் பகைமாட்சி, பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரங்களை வகுத்தபின்பும் உட்பகை என்று தனியே ஓர் அதிகாரம் அமைக்க வேண்டியிருந்தமை நோக்கத்தக்கது. உள்ளிருந்து எழும் பகையை அறிவதும் வெல்வதும் வேறொரு கலை. அக்கலையை மருத்துவர் கற்றுக்கொண்ட வரலாறே ஈண்டுக் கூறப்புகுவது.

முதலில் உடலின் காவற்படையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். குருதியிலும் நிணநீரிலும் உலவும் வெள்ளணுக்கள் பலவகைப்படும். அவற்றுள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை டி அணுக்கள். மார்பெலும்பின் பின்னே, இதயத்தின் மேற்புறத்தே, தைமஸ் என்றோர் உறுப்பு உண்டு. அதனால் யாதொரு பயனும் இல்லையென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1961-ஆம் ஆண்டில் ஜாக்குவிஸ் மில்லர் என்பார் பிறந்த சுண்டெலிக் குட்டிகளினின்று அதனை அகற்றி, அவை நோய்களை எதிர்க்கும் ஆற்றல் இழந்து மெலிந்ததைக் கண்டார். டி அணுக்களின் பயிற்சிப் பள்ளி அதுவே. அப்பள்ளியின் தேர்வு நம் பல்கலைக்கழகத் தேர்வினும் கொடியது. சொந்த உடலைத் தாக்கும் இயல்புடைய அணுக்களும், எதனையும் உணரமாட்டாத அணுக்களும் அங்கேயே மாய்கின்றன. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளிவருவதில்லை.

தேறியவை வீதிதோறும் உலவும் காவலரைப்போல உடலெங்கும் திரிகின்றன. ஆனால் ஓர் உயிரணுவின் உள்ளே நடப்பதை வெளியே நிற்கும் காவலன் எவ்வாறு அறிவான்? இதற்கோர் ஏற்பாடு உண்டு. ஒவ்வோர் உயிரணுவும் தன்னகத்தே ஆகும் புரதங்களை நறுக்கி, அத்துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் சிறு கிண்ணம் போன்ற வேறொரு புரதத்தில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. டி அணு அக்கிண்ணத்தைத் தடவிப் பார்க்கிறது. துணுக்கு வழக்கமானதாயின் அப்பாற் செல்லும்; அயலானதாயின் அவ்வுயிரணுவைக் கொல்லும். 1974-ஆம் ஆண்டில் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் என்னும் இருவர் இந்த அறிமுறையின் அடிப்படையைக் கண்டு வெளியிட்டனர். 1996-இல் நோபெல் பரிசும் பெற்றனர். புற்றணுவின் மரபணுக்கள் பிழைபட்டவை ஆதலின், அது ஏந்தும் கிண்ணத்திலும் இடையிடையே பிழைபட்ட துணுக்கு ஒன்று தோன்றும். ஆகவே, உட்பகையேனும், அதனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இல்லாமல் இல்லை.

அடையாளம் இருந்தும் காவற்படை ஏன் வாளாவிருக்கிறது என்பதே வினா.

இவ்வினா எழுவதற்கு முன்னரே, விடை அறியாமலே மருந்தைத் தேடிப் புறப்பட்டார் ஒருவர். நியூயார்க்கு நகரத்து இளம் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி என்பார் அவர். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எலும்பில் எழுந்த புற்றுக்காகக் கையையே வெட்டியும் காப்பாற்ற இயலாமற்போன பதினேழு வயது நங்கை ஒருத்தியின் இறப்பு அவர் நெஞ்சை உலுக்கிற்று. மருத்துவமனையின் பழைய ஏடுகளைப் புரட்டலானார். அவற்றுள் ஒரு குறிப்பு அவர் கண்ணிற் பட்டது. கழுத்திற் புற்றுடைய ஏழைத் தொழிலாளி ஒருவன், பலமுறை அறுத்தும் கட்டி மீள மீள வளர்ந்தமையால் கைவிடப்பட்ட நிலையில், எரிசிபெலஸ் என்னும் நோய் வாய்ப்பட்டான். தோல் நெருப்பெனச் சிவந்து கடுஞ்சுரம் காணும் தொற்றுநோய் அது. அச்சுரம் தணிந்தபோது கட்டியும் கரைந்துபோயிற்று என்று ஏட்டில் எழுதியிருந்தது. அதன்பின் அவன் என்ன ஆனான்? ஏடு அதனைச் சொல்லவில்லை. கோலி நியூயார்க்கின் ஏழையர் குடியிருப்புக்களில் வீடுவீடாய் அவனைத் தேடினார், கண்டும் பிடித்தார். ஏறத்தாழ ஏழாண்டு கழிந்தும் அவன் நலமே இருந்தான்.

ஏட்டுச் செய்தியோடு அமையாது, அவ்வேட்டுக்குரிய மனிதனைத் தெருத்தெருவாய்த் தேடிச்சென்ற அச்செயலை யான் பெரிதும் மதிக்கின்றேன். சுவடி ஆராய்வாரும் செய்யவேண்டுவது அதுவன்றோ?

அதே ஆண்டில் கோலி, தொண்டையிலும் கழுத்திலும் புற்று முற்றிய ஒருவனுக்கு, அந்நோயின் உயிருள்ள கிருமிகளையே ஊசிவழி ஏற்றினார். பன்முறை முயன்றபின் கடுஞ்சுரம் வந்தது. நோயாளி சாவின் வாயில்வரை சென்று மீண்டான். கட்டி உடைந்து கரைந்தது. அவன் பின்னும் எட்டாண்டளவு வாழ்ந்தான். ஆயினும் உயிருள்ள கிருமி இருபுறமும் கூர்மையுடைய வாள். அதனால் இறந்தவரும் உண்டு. ஆதலின் அவர் கிருமிகளைக் கொன்று, இருவகைக் கிருமிகளின் நஞ்சைக் கலந்து ஊசிமருந்தாக்கினார். 'கோலியின் நஞ்சு' என்று அது பெயர்பெற்றது. சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. ஏன் பலித்தது என்று அவராலும் சொல்ல இயலவில்லை. 1895-இல் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அளந்து செலுத்தத்தக்க கதிர் கிடைத்தபின், அளவும் விளைவும் நிலையில்லாத நஞ்சை யார் நாடுவர்? 1936-இல் கோலி இறந்தார். அவர் முறையும் மெல்ல மறைந்தது. அவர் மகளார் ஹெலன் கோலி நாட்ஸ் என்பார் தந்தையின் குறிப்புக்களைத் தொகுத்து ஆராய்ந்து, 1953-இல் நியூயார்க்கில் இத்துறைக்கென ஓர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவியிராவிடின், அம்மறதி இன்னும் நீண்டிருக்கும்.

கோலியின் கருத்து முற்றும் பொய்யன்று என்பதற்கு இடைக்காலத்தில் தோன்றிய சான்று பி.சி.ஜி. மருந்தாகும். கால்மெட், கெரேன் என்னும் பிரஞ்சு அறிஞர் இருவர், மாட்டுக்குக் காசம் விளைக்கும் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையைப் போக்கி, 1921-இல் காசத்துக்குத் தடுப்பு மருந்தாக்கினர். நம் சென்னையின் கிண்டியில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஆய்வுக்கூடம் இம்மருந்தை ஆக்குதற்கென்றே எழுந்தது. நம்முட் பலர் பிறந்த சின்னாட்களில் இதனைத் தோளில் ஏற்றுக்கொண்டு, அதன் வடுவை இன்றும் தாங்கியிருக்கிறோம். இம்மருந்தையே சிறுநீர்ப்பையினுள் வாரம் ஒருமுறை ஆறு வாரம் செலுத்தினால் அப்பையின் மேற்படலத்துப் புற்று மீள எழாமல் ஒடுங்குகிறது என்று கனடா நாட்டு மருத்துவர் மொராலெஸ் 1976-இல் காட்டினார். மருந்து புற்றைக் கொல்வதில்லை; அவ்விடத்தே அழற்சியை எழுப்பிக் காவற்படையை அங்கே வரவழைக்கிறது. இன்றும் அம்முறை வழக்கில் இருக்கிறது.

இனி, நாம் நிறுத்திவைத்த வினாவுக்கு வருவோம்.

டி அணு ஒன்று போருக்கு எழுவதற்குக் கிண்ணத்தில் அயல் துணுக்கைக் காண்பது மட்டும் போதாது. இரண்டாவதாக ஓர் ஏவலும் வேண்டும். அவ்வேவலைப் பெறும் உறுப்பு டி அணுவின் மேற்பரப்பில் சி.டி.28 என்ற பெயரோடு உள்ளது. குதிரைக்கு அது கசை போன்றது. அவ்வுறுப்பை ஒத்த மற்றொன்றும் டி அணுவின்மேல் தோன்றுகிறது. அதன் பெயர் சி.டி.எல்.ஏ.-4. உருவில் ஒத்திருந்தமையால் இதுவும் ஒரு கசையே என்று சிலர் கருதினர். அமெரிக்காவில் பெர்க்கிலி நகரத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த ஜேம்ஸ் அல்லிசனும் வேறு சிலரும் அது கசையன்று, கடிவாளம் என்றனர். 1995-இல் அவ்வுறுப்பு இல்லாத சுண்டெலிகளைப் பிறப்பித்துப் பார்த்தபோது ஐயம் ஒழிந்தது. அவ்வெலிகளின் டி அணுக்கள் கட்டின்றிப் பெருகித் தம் உடலையே தாக்க, அவை மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. கடிவாளம் இல்லாத படை எத்தகையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அல்லிசன் இளமையிலேயே தாயை நிணநீர்ப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். கடிவாளத்தைச் சிறிதுநேரம் மறைத்துவைத்தால் படை புற்றின்மேற் பாயுமோ என்று அவர் எண்ணினார். சி.டி.எல்.ஏ.-4-ஐப் பற்றி மூடிக்கொள்ளும் எதிர்ப்பொருள் ஒன்றை ஆக்கி, 1994-ஆம் ஆண்டின் இறுதியில், கட்டியுடைய சுண்டெலிகளுக்கு அவருடைய மாணவர் செலுத்தினர். கட்டிகள் மறைந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லாரும் புறப்படும் வேளை அது. அல்லிசன் உடனே மறுமுறை செய்துபார்க்க விரும்பினார். எவ்வெலிக்கு மருந்து, எவ்வெலிக்கு வெறும்பொருள் என்பது தமக்குத் தெரியாதவாறு அமைத்து, கட்டிகளைத் தாமே அளந்துவந்தார். முதலில் எல்லா எலிகளிலும் கட்டி வளர்ந்துகொண்டே போயிற்று. சில நாள் கழிந்தபின் ஒரு பகுதி எலிகளில் வளர்ச்சி நின்றது; பிறகு சுருங்கிற்று; பிறகு இல்லையாயிற்று. அவையே மருந்துண்ட எலிகள். 1996-இல் இச்செய்தி அச்சேறியது.

முதலில் வளர்ந்து பின்னர் ஒடுங்கும் இந்த இயல்பை நண்பர்கள் மனத்திற் கொள்க. பின்னாளில் மனிதர்க்கு மருந்து கொடுத்தபோது இதுவே பெருங்குழப்பம் விளைத்தது. பழைய நஞ்சுமருந்துகள் புற்றணுவை நேரே கொல்வன. பலித்தால் சில வாரத்தில் கட்டி சுருங்கும். சுருங்காவிடின் மருந்தைக் கைவிடுவர். புதிய மருந்தோ புற்றைத் தொடுவதே இல்லை, படையை அவிழ்த்துவிடுகிறது. படை திரண்டு பெருகிக் கட்டியினுட் புகும்போது கட்டி முன்னினும் பருத்துத் தோன்றுவதும் உண்டு. பழைய அளவுகோலால் அளந்தவர்க்குத் தோல்விபோலத் தெரிந்தது. இவ்வகை மருந்துகளுள் ஒன்றன் பெருஞ்சோதனையைப் பயனில்லையென்று 2008-இல் இடையிலேயே நிறுத்திவிட்டனர். மற்றொன்றாகிய இபிலிமுமாப்பை ஆராய்ந்தவர், கட்டியின் பருமனைவிட்டு, நோயாளர் எத்துணைக் காலம் உயிரோடிருக்கின்றனர் என்பதனையே அளவாகக் கொண்டனர். மெலனோமா என்னும் தோற்புற்று உடலெங்கும் பரவியோர் 676 பேரிடத்து நடந்த அச்சோதனை 2010-இல் வெளிவந்தது. ஒப்பீட்டு மருந்து மட்டும் பெற்றாருள் சரிபாதியர் 6.4 மாதம் கடந்து வாழ்ந்தனர். இபிலிமுமாப் பெற்றாருள் சரிபாதியர் 10 மாதம் கடந்தனர். நான்கு மாதத்திற்கும் குறைவான இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஆனால் ஒருசாரார் ஆண்டுகள் பல கடந்தும் வாழ்ந்துவந்தனர் என்பதே அதன் சிறப்பு. 2011-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

இதற்கிடையே ஜப்பான் நாட்டுக் கியோத்தோ நகரில் தசுக்கு ஹொஞ்சோ என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடம் 1992-இல் பி.டி.-1 என்ற மற்றோர் உறுப்பைக் கண்டிருந்தது. இதுவும் கடிவாளமே, ஆனால் இதனை இழுக்கும் கை வேறு. டி அணு புற்றணுவை நெருங்கி நிற்கும் அக்கணத்தில், புற்றணு தன் மேற்பரப்பில் பி.டி.-எல்.1 என்னும் புரதத்தை நீட்டுகிறது. இரண்டும் கைகோத்த அளவில் டி அணு சினம் தணிந்து சோர்ந்துவிடுகிறது. நலமுள்ள உறுப்புக்கள் தம்மைக் காத்துக்கொள்ள இயற்கை அமைத்த அடையாளத்தையே பகைவன் திருடிக் காட்டுகிறான். வள்ளுவர் கூடாநட்பு என்று கூறியதும் இத்தகையதே: அகத்தே பகை, கையிலோ நட்பின் குறி. ஹொஞ்சோவின் வழியில் பிறந்த மருந்துகள் அவ்விரு கைகளும் கோவாதபடி இடையே புகுந்து தடுக்கின்றன. நிவோலுமாப், பெம்பிரோலிசுமாப் என்னும் இரண்டும் 2014-ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தன. அமெரிக்காவின் முன்னாட் குடியரசுத்தலைவர் ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில் தம் மெலனோமா மூளைக்கும் பரவியதென்று உலகறியச் சொன்னார். அப்போது அவருக்கு அகவை தொண்ணூறு. கதிர்மருத்துவத்தோடு பெம்பிரோலிசுமாப்பும் பெற்று, அவ்வாண்டு டிசம்பரிலேயே நோயின் சுவடு காணவில்லையென்று அறிவித்தார். நூறு வயது நிரம்பி 2024 டிசம்பரில் மறைந்தார். அல்லிசனும் ஹொஞ்சோவும் 2018-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இரு கடிவாளத்தையும் ஒருங்கே தளர்த்தினால் என்னாகும்? பரவிய மெலனோமா உடையார்க்கு அவ்வாறு செய்து பத்தாண்டு பின்தொடர்ந்த சோதனையொன்றின் முடிவு 2024-இல் வெளிவந்தது. இரு மருந்தும் பெற்றாருள் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தனர்; இபிலிமுமாப் மட்டும் பெற்றாருள் 19 பேர். முன்னாளில் ஓராண்டு வாழ்வதே அரிதாயிருந்த நோய் அது.

எனினும் கடிவாளம் வீணுக்கு அமைந்ததன்று. அதனைத் தளர்த்தினால் படை தன் குடிகளையும் தாக்கும். குடல் புண்படும், தோல் தடிக்கும், கல்லீரலும் நுரையீரலும் அழலும், தைராய்டு முதலிய சுரப்பிகள் கெட்டு வாழ்நாள் முழுதும் மருந்துண்ண நேரும். சிலருக்கு இவை உயிருக்கே இறுதியாகும். ஸ்டீராய்டு மருந்துகளால் படையை மீளத் தணித்தல் வேண்டும். இம்மருந்துகளைத் தீங்கற்ற இயற்கை முறையென்று புகழ்ந்து எழுதுவோர் உளர், அது உண்மையன்று.

எல்லார்க்கும் இவை பலிப்பதுமில்லை. மரபணுப் பிழைகள் மிக்க புற்றிலேதான் அயல் துணுக்குகள் மிகுதி. காவலன் கண்ணில் அவையே எளிதிற் படும். ஞாயிற்றின் கதிரால் எழும் தோற்புற்றும் புகையிலையால் எழும் நுரையீரற்புற்றும் பெரும்பாலும் இவ்வகையின. கணையப்புற்றோ பெரும்பாலும் அசைவதில்லை. மரபணுவைப் படியெடுக்கையில் நேரும் பிழைகளைத் திருத்தும் பொறியே கெட்டுப்போன புற்றுக்களும் சில உண்டு. எழுத்துப்பிழை திருத்துவார் இல்லாத அச்சுக்கூடம்போல அவற்றிற் பிழைகள் மலியும். அத்தகைய மலக்குடற்புற்றுடையார்க்கு, பி.டி.-1-ஐத் தடுக்கும் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்த சோதனையின் முதல் முடிவு 2022-இல் வெளிவந்தது. மருந்தை முடித்த 12 பேர்க்கும் கட்டி முற்றும் மறைந்தது. கத்தியும் கதிரும் வேண்டாவாயின. இச்சோதனை நடந்த மருத்துவமனை, கோலி நெடுங்காலம் பணியாற்றிய நியூயார்க்கு மருத்துவமனையொன்றின் வழிவந்தது.

கடிவாளம் தளர்த்துதலேயன்றி, வீரனையே புதிதாய் ஆக்கும் முறையும் உண்டு. நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவின் ஓர் அடையாளத்தைத் தானே கண்டுகொள்ளும் உறுப்பை மரபணுவழி அவற்றிற் பொருத்தி, பெருக்கி, மீள உடலிற் செலுத்துவர். கார்-டி மருத்துவம் என்பது இதன் பெயர். குருதிப்புற்று முற்றி வேறு வழியற்ற ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்கு 2012-இல் பிலடெல்பியா நகரில் இதனைச் செய்து உயிர் மீட்டனர். 2017-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒருமுறைக்கு விலை 4,75,000 டாலர். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் டாட்டா நினைவு மருத்துவமனையாரும் சேர்ந்து இத்தகைய மருந்தொன்றை இந்நாட்டிலேயே ஆக்கினர். 2023 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அப்பத்தில் ஒரு பங்கும் பல இலட்சம் ரூபாய் என்பதை மறத்தலாகாது. நிலத்தை விற்றாலும் ஒரு குடியானவன் கைக்கு எட்டும் தொகையன்று.

விலைபற்றிய இக்கவலையே டாட்டா மருத்துவமனையில் மற்றோர் ஆராய்ச்சிக்கும் காரணமாயிற்று. வாயிலும் தொண்டையிலும் எழும் புற்று நம் நாட்டில் மிகுதி. புகையிலை மெல்லுதல் அதற்குத் தலையாய காரணம். அந்நோய் முற்றியோர்க்கு நிவோலுமாப் பயன்படும் என்பது தெரிந்தும், அதனை வாங்கவல்லார் மிகச்சிலர். ஆகவே வழக்கமான அளவில் பத்திலொன்றிலும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், விலைகுறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். மாத்திரை மட்டும் பெற்றாருள் ஓராண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 16.3, நிவோலுமாப்பும் பெற்றாருள் 43.4. இம்முடிவு 2022-இல் வெளிவந்தது. இச்சோதனையில் குறையளவு மருந்தை மருந்தில்லாமையோடு ஒப்பிட்டனரேயன்றி முழு அளவோடு ஒப்பிடவில்லை. ஆதலின் இரண்டும் சமமென்று இதுகொண்டு கூறுதல் கூடாது. முழு அளவை வாங்க இயலாதான் ஒருவன் வெறுங்கையோடு திரும்பவேண்டுவதில்லை என்பது மட்டும் இதனாற் பெறப்படும்.